கீழாநெல்லியும் ஹெபடைடிஸ் பி-யும்: 1988 சென்னை ஆய்வும் அதற்குப் பின் நடந்ததும்

1988-இல் லான்செட் மருத்துவ இதழில் மூன்று பக்கக் கட்டுரை ஒன்று வந்தது. எழுதியவர்கள் ஐந்து பேர். அவர்களில் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர் எஸ். பி. தியாகராஜன். இன்னொருவர் அமெரிக்காவின் பரூச் ப்ளம்பெர்க், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் தொடர்பான கண்டுபிடிப்புக்காக 1976-இல் நோபல் பரிசு பெற்றவர். ஹெபடைடிஸ் பி வைரஸை ரத்தத்தில் சுமந்துகொண்டிருந்தவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை 30 நாள் கொடுத்தார்கள். மருந்து எடுத்த 37 பேரில் 22 பேருக்கு, அதாவது 59 சதவீதத்தினருக்கு, வைரஸின் மேற்புற ஆன்டிஜென், அதாவது தொற்று இருப்பதைக் காட்டும் வைரஸின் உறைப் புரதம், ரத்தத்திலிருந்து மறைந்துவிட்டது. ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெற்றுக் காப்ஸ்யூல் எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி நடந்தது.

கீழாநெல்லி பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இந்த எண் இன்றும் வருகிறது. அடுத்த ஆறேழு ஆண்டுகளில் தாய்லாந்திலும் நெதர்லாந்திலும் நியூசிலாந்திலும் கிடைத்த முடிவுகள் அந்தப் பேச்சில் வருவதே இல்லை. பாதிக் கதையை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் முழுக் கதையையும் இங்கே எழுதுகிறேன்.

செடியும் அதன் பெயரும் புகழும்

மழைக்குப் பிறகு வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் மொட்டை மாடித் தொட்டியிலும் தானாகவே முளைக்கிற செடி இது. முழங்கால் உயரம்கூட வராது. கிளையைத் திருப்பிப் பிடித்தால் இலைகளுக்கு அடியில் மிளகைவிடச் சிறிய பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்கும். இருட்டினால் இலைகள் மடங்கிக்கொள்ளும். இதே சாயலில் வேறு இனங்களும் உண்டு. தண்டு சிவந்து, காய் காம்பில்லாமல் ஒட்டிக்கொண்டு, தோல் சொரசொரப்பாக இருந்தால் அது ஃபில்லாந்தஸ் யூரினேரியா. காம்போடு மழமழவென்று காய் இருந்தால் பெரும்பாலும் நம் கீழாநெல்லியான ஃபில்லாந்தஸ் அமாரஸ். தாவரவியலாளர்களே இதில் தடுமாறியிருக்கிறார்கள். ப்ளம்பெர்க் குழு 1987-இல் வந்த தன் முதல் கட்டுரையில் ஃபில்லாந்தஸ் நிரூரி என்று எழுதிய செடியைப் பிறகு ஃபில்லாந்தஸ் அமாரஸ் என்று திருத்தியது. இந்த விஷயம் பின்னால் தேவைப்படும்.

வீட்டு வழக்கம் நமக்குத் தெரிந்ததுதான். செடியைப் பிடுங்கிக் கழுவி, மையாக அரைத்து, நெல்லிக்காய் அளவு உருண்டையை மோரில் கரைத்து வெறும் வயிற்றில் குடிப்பார்கள். உப்பு, எண்ணெய், காரம் எல்லாம் தள்ளிப் பத்தியம் இருப்பார்கள். சில வாரங்களில் கண்ணில் மஞ்சள் இறங்கிவிடும், பசி எடுக்கும், மருந்து பலித்தது என்று ஊர் சொல்லும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மஞ்சள் காமாலை என்பது ஒரு நோய் இல்லை, பல நோய்களின் அறிகுறி. நம் ஊரில் கெட்ட தண்ணீராலும் உணவாலும் வரும் காமாலைக்குப் பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ அல்லது ஹெபடைடிஸ் இ வைரஸ் காரணம். இரண்டுமே மிகப் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். மருந்து குடித்தாலும் சரியாகும், குடிக்காவிட்டாலும் சரியாகும். ஆக, கீழாநெல்லி குடித்த பத்துப் பேரில் பத்துப் பேரும் பிழைத்தது உண்மையாக இருக்கலாம். குடிக்காத பத்துப் பேருக்கு என்ன ஆனது என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. கையில் சூடு போட்டவர்களும் கண்ணில் சாறு பிழிந்தவர்களும் காமாலைக்குக் கைராசிக்காரர்கள் ஆனது இப்படித்தான்.

இதில் ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. ஹெபடைடிஸ் இ, கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் வந்தால் 100 பேரில் 20 முதல் 25 பேர்வரை இறக்கக்கூடும். கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஹெபடைடிஸ் பி வேறு கதை. ரத்தம், உடலுறவு, பிரசவம் வழியாகப் பரவும். பெரியவர்களுக்குத் தொற்றினால் 95 சதவீதம் பேர் தாமாகவே வைரஸை விரட்டிவிடுவார்கள். பிறந்த குழந்தைக்குத் தாயிடமிருந்து தொற்றினால் கிட்டத்தட்ட 90 சதவீதம் பேருக்கு அது உடம்பிலேயே தங்கிவிடும். ஆறு மாதத்துக்கு மேல் மேற்புற ஆன்டிஜென் ரத்தத்தில் இருந்தால் அதை நாள்பட்ட தொற்று என்பார்கள். இவர்களில் பலருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. சிலருக்கு இருபது முப்பது ஆண்டு கழித்துக் கல்லீரல் சுருக்கமும் புற்றுநோயும் வரும். இந்த நிலைக்குப் போனவர்களில் ஆண்டுக்கு 100-ல் ஒருவர் அளவில்தான் ஆன்டிஜென் தானாக மறைகிறது.

அந்த ஒரு சதவீதத்துக்குப் பக்கத்தில் 59 சதவீதத்தை வைத்துப் பாருங்கள். அதுவும் 30 நாள் மருந்தில்! 1988-இல் உலகம் ஏன் நிமிர்ந்து உட்கார்ந்தது என்பது புரியும்.

ஆய்வகத்திலிருந்து மனிதர்களுக்கு

சென்னை ஆய்வு திடீரென்று முளைத்தது இல்லை. ஃபிலடெல்ஃபியாவின் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையத்தில் வெங்கடேஸ்வரன், இர்விங் மில்மன், ப்ளம்பெர்க் மூவரும் கீழாநெல்லிச் சாற்றைச் சோதனைக்குழாயில் வைத்துப் பார்த்திருந்தார்கள். மில்மனும் ப்ளம்பெர்க்கும்தான் ஹெபடைடிஸ் பி தடுப்பூசிக்கு வழிபோட்டவர்கள். இவர்களைவிடத் தகுதியானவர்கள் கையில் இந்தச் செடி கிடைத்திருக்க முடியாது.

1987-இல் வெளியான அந்த ஆய்வில், வைரஸ் பெருகுவதற்குத் தேவையான டிஎன்ஏ பாலிமரேஸ் என்ற நொதியைச் சாறு தடுத்தது. அடுத்து வுட்சக் என்ற வட அமெரிக்கப் பிராணியிடம் போனார்கள். மர்மோட் இனத்தைச் சேர்ந்த கொறிப்பிராணி அது. ஹெபடைடிஸ் பி-க்கு நெருங்கிய உறவான ஒரு வைரஸ் அதற்கு இயற்கையாகவே வரும். அண்மையில் தொற்று வந்த, அதாவது மூன்று மாதத்துக்கு உட்பட்ட வுட்சக்குகளுக்கு ஊசி வழியாகச் சாற்றைக் கொடுத்தபோது நான்கில் மூன்றுக்கு மூன்று முதல் ஆறு வாரத்தில் வைரஸின் அடையாளங்கள் ரத்தத்திலிருந்து மறைந்தன. நெடுநாள் தொற்று இருந்த ஐந்தில் இரண்டுக்கு மட்டும் ஆன்டிஜென் அளவு மற்றவற்றைவிட வேகமாகக் குறைந்தது.

புதிய தொற்றில் நல்ல பலன், பழைய தொற்றில் மங்கலான பலன். வுட்சக் சொன்ன இந்த வித்தியாசத்தை எல்லாரும் இன்னும் கொஞ்சம் கவனித்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

சென்னையில் கொடுத்தது காய்ந்த செடியின் பொடி. ஒரு காப்ஸ்யூலில் 200 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை. கணக்குப் பார்த்தால் நாளைக்கு அரை கிராமுக்குக் கொஞ்சம் கூட, வீட்டில் அரைக்கும் உருண்டையைவிட மிகக் குறைவு. மருந்து முடிந்து 15 முதல் 20 நாள் கழித்து ரத்தத்தைச் சோதித்தார்கள். சிலரை ஒன்பது மாதம்வரை பின்தொடர்ந்தார்கள். மறைந்த ஆன்டிஜென் யாருக்கும் திரும்பவில்லை என்றும், பக்கவிளைவு என்று சொல்லும்படி ஒன்றுமில்லை என்றும் எழுதினார்கள்.

அந்த ஆய்வை இன்று யாரும் ஏளனமாகப் பேசக் கூடாது. ஒரு நாட்டு மருந்தை எடுத்து, செடியை அடையாளம் கண்டு, ஒப்பீட்டுக் குழு வைத்து, ரத்தச் சோதனை என்ற உரைகல்லில் தேய்த்து, எண்ணை உலகத்தின் முன் வைத்தார்கள். 'முதற்கட்ட ஆய்வு' என்று கட்டுரையிலேயே தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் செய்து பார்க்கட்டும் என்பதுதான் அதன் பொருள். மற்றவர்கள் செய்தும் பார்த்தார்கள்.

மற்ற ஊர்களில் கிடைத்த விடை

1990-இல் அதே லான்செட்டில் தாய்லாந்து மருத்துவர்களின் கட்டுரை வந்தது. அறிகுறி இல்லாமல் வைரஸைச் சுமப்பவர்களுக்கு அதே செடியை வெற்றுக் காப்ஸ்யூலோடு ஒப்பிட்டுக் கொடுத்தார்கள். ஆன்டிஜெனை ஒழிக்க அது தவறிவிட்டது என்பதைத் தலைப்பிலேயே எழுதினார்கள். 1991-இல் நெதர்லாந்துக் குழு, சென்னையில் கண்ட பலன் எங்களிடம் உறுதிப்படவில்லை என்றது. 1994-இல் நியூசிலாந்திலும் அதே விடை. இப்படி ஒவ்வொன்றாக வரும்போது, ஆரம்பத்தில் மகிழ்ந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. அந்த மருந்து பலித்திருந்தால் மிக ஏழை நாடுகளின் கோடிக்கணக்கான பேருக்குக் காசில்லாமல் விடிவு கிடைத்திருக்கும்.

செடி வேறு, மண் வேறு, பறித்த பருவம் வேறு என்பது அப்போது சொல்லப்பட்ட நியாயமான பதில். இனத்தின் பெயரிலேயே குழப்பம் இருந்ததை முன்பே பார்த்தோம். கீழாநெல்லியில் இருக்கும் ஃபில்லாந்தின் போன்ற பொருள்களின் அளவு இனத்துக்கு இனமும் இடத்துக்கு இடமும் மாறும் என்பதும் உண்மை. ஆகவே இந்தப் பதிலைத் தட்டிக்கழிக்க முடியாது. சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

சீனாவில் அதையும் செய்தார்கள். 1995-இல் வெளியான ஆய்வில் நாள்பட்ட ஹெபடைடிஸ் பி இருந்த 123 பேர். ஒரு சிறு குழுவுக்கு இந்தியாவிலிருந்து தியாகராஜன் கொடுத்தனுப்பிய அமாரஸ், மற்ற இரண்டு குழுக்களுக்குச் சீனாவின் ஹைனானில் விளைந்த நிரூரியும் ஹெனானில் விளைந்த யூரினேரியாவும், ஒப்பீட்டுக்கு வைத்த நான்காவது குழுவுக்கு எந்த மூலிகையும் இல்லை. யூரினேரியா எடுத்தவர்களில் வைரஸின் பெருக்கத்தைக் காட்டும் இ-ஆன்டிஜென் மறைவது அதிகமாக இருந்தது. மேற்புற ஆன்டிஜென் மட்டும் யாருக்கும் மறையவில்லை, சென்னைச் செடி எடுத்தவர்கள் உட்பட. அந்தக் குழுவில் 11 பேர்தான் என்பதால் அதை வைத்து மட்டும் தீர்ப்பெழுத முடியாது. ஆனாலும் 59 சதவீதம் உண்மையென்றால் 11 பேரில் ஆறேழு பேருக்காவது மறைந்திருக்க வேண்டும்.

யூரினேரியா கொடுத்த நம்பிக்கையும் நீடிக்கவில்லை. 2003-இல் ஹாங்காங் மருத்துவர்கள் அதைத் தனியாக எடுத்து, யார் எதை எடுக்கிறார்கள் என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாத முறையில் சோதித்தார்கள். வெற்று மருந்தைவிட மேலான பலன் இல்லை.

2011-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு வந்தது. ஃபில்லாந்தஸ் இனங்களை வைத்து நடந்த 16 ஆய்வுகள், மொத்தம் 1,326 நோயாளிகள். வெற்று மருந்தோடு ஒப்பிட்ட ஆய்வில் பலன் தெரியவில்லை. வைரஸ் மருந்தோடு சேர்த்துக் கொடுத்த ஆய்வுகள் சிலவற்றில் கூடுதல் பலன் தெரிந்தது. அந்த ஆய்வுகள் நடத்தப்பட்ட விதத்தில் சார்பு நுழைய இடம் அதிகம் இருந்ததால் அந்தப் பலனை நம்பிச் சிபாரிசு செய்ய முடியாது என்று முடித்தார்கள்.

அப்படியானால் 22 பேருக்கு மறைந்தது?

என்னை அதிகம் யோசிக்க வைக்கும் கேள்வி இதுதான். 37-ல் 22 ஒரு பக்கம், 23-ல் 1 மறுபக்கம். இது தற்செயலாக வரக்கூடிய வித்தியாசம் இல்லை. ஏதோ ஒரு காரணம் இருந்திருக்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது, இரண்டு குழுவிலும் இருந்தவர்கள் ஒரே மாதிரியானவர்களா என்பது. வுட்சக்குகளை நினைவில் கொள்ளுங்கள். பெரியவராக இருக்கும்போது அண்மையில் தொற்றியவர்கள் எந்த மருந்தும் இல்லாமலே வைரஸை விரட்டிவிடுவார்கள். அவர்களில் சிலர் மருந்துக் குழுவில் அதிகமாகச் சேர்ந்துவிட்டால், இயற்கையாக நடப்பதன் பெருமை மருந்துக்குப் போய்விடும். யாருக்குத் தொற்று எத்தனை நாளாக இருக்கிறது என்பது ஒரு முறை ரத்தம் எடுத்தால் தெரியாது. ஆறு மாத இடைவெளியில் இரண்டு முறை எடுத்தால்தான் தெரியும்.

அடுத்து, முடிவைக் கணக்கிட்ட இரண்டு குழுக்களின் அளவு. 37 பேருக்கு எதிரே 23 பேர். சிறிய ஆய்வில் ஒரு பக்கம் ஆட்கள் குறைவாக இருந்தால், கடைசிவரை வந்தவர்கள் யார், வராதவர்கள் யார் என்று கேட்காமல் நகரக் கூடாது. வராமல் போனவர்களின் ரத்தத்தில் என்ன இருந்தது என்பது சதவீதத்தையே மாற்றிவிடும். இவை இரண்டும் நான் சந்தேகிக்கிற வழிகள். இதுதான் நடந்தது என்று அடித்துச் சொல்ல இன்று யாராலும் முடியாது.

உயிரியலும் ஒரு தடையைக் காட்டுகிறது. ஹெபடைடிஸ் பி வைரஸ் கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் தன் டிஎன்ஏ-வை வட்டமாக மூடி வைத்துக்கொள்கிறது. அந்த வட்டம் இருக்கும்வரை ஆன்டிஜென் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கும். இன்று உலகம் முழுவதும் கொடுக்கும் டெனோஃபோவிர், என்டெகாவிர் மருந்துகள் வைரஸின் பெருக்கத்தை மிக நன்றாக அடக்குகின்றன. ஆனால் இந்த வட்டத்தை அவற்றாலும் அழிக்க முடியவில்லை. அதனால் பல ஆண்டு மருந்து எடுத்தவர்களிலும் மேற்புற ஆன்டிஜென் மறைவது அபூர்வம். கீழாநெல்லிச் சாறு, செல் வளர்ப்பில் வைரஸின் ஆர்என்ஏ உற்பத்தியைக் குறைக்கிறது என்று 1996-இல் தியாகராஜனும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து காட்டியது உண்மை. தட்டில் இருக்கும் செல்லின் மேல் சாற்றை நேரடியாக ஊற்றலாம். வாய் வழியாகப் போகும் 200 மில்லிகிராம் பொடி குடலைத் தாண்டி எந்த அளவில் கல்லீரல் செல்லை அடைகிறது என்பது வேறு கேள்வி.

இன்னொரு செடி எப்படித் தேறியது

நாட்டு மருந்து என்றாலே அறிவியல் தள்ளிவிடும் என்று சிலர் சொல்லும்போது எனக்குச் சீனாவின் து யூயூ நினைவுக்கு வருவார். மலேரியா மருந்து தேடிய அரசுத் திட்டத்தில் 1969-இல் சேர்ந்தவர். மாசிப்பத்திரியின் உறவுச் செடியான ஆர்டிமீசியா ஆனுவாவின் சாறு எலிகளிடம் ஒரு முறை வேலை செய்தது, மறுமுறை செய்யவில்லை. நான்காம் நூற்றாண்டு மருத்துவர் கே ஹோங்கின் கைந்நூலில், செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி என்று இருந்ததை அவர் கவனித்தார். காய்ச்சச் சொல்லவில்லை! சூடுதான் மருந்தைக் கெடுக்கிறது என்று ஊகித்து, குறைந்த வெப்பத்தில் ஈதரில் சாறு எடுத்தார். 1971 அக்டோபரில் அந்தச் சாறு எலிகளின் மலேரியாக் கிருமியை முழுவதும் ஒழித்தது. பிறகு மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்து, மனிதர்களிடம் சோதித்து, உலகம் முழுவதும் பல நாட்டவர் திரும்பத் திரும்பச் சோதித்தும் அது நின்றது. 2015-இல் நோபல் பரிசு வந்தது.

பழைய நூலில் இருந்து வந்த குறிப்பு இரண்டு செடிக்கும் பொதுதான். ஒன்று வேறு கைகளிலும் பலித்தது, மற்றது பலிக்கவில்லை. தேறிய செடியைக்கூட இலைத் தேநீராகக் குடித்து மலேரியாவைத் தீர்க்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஒப்புக்கொள்வதில்லை. அளவு நிலையாக இருக்காது, குறைந்த அளவு கிருமிக்கு மருந்தை எதிர்க்கப் பழக்கிவிடும் என்பது காரணம்.

இன்று ஹெபடைடிஸ் பி இருப்பவருக்கு

2022 கணக்குப்படி இந்தியாவில் கிட்டத்தட்ட 2.98 கோடி பேர் ஹெபடைடிஸ் பி-யோடு வாழ்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மிகப் பெரும்பாலானவர்களுக்கு அது இருப்பதே தெரியாது. ரத்ததான முகாமிலோ, கர்ப்பகாலச் சோதனையிலோ, வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையிலோ தெரிய வரும். வேலை போய்விடுமோ என்ற பயத்தில், எப்படியாவது ரிசல்ட்டை நெகட்டிவ் ஆக்கித் தருகிறேன் என்பவரிடம் போகிறவர்கள் பலர். இந்தப் பயத்தைத்தான் 59 சதவீதம் என்ற எண்ணை வைத்து விற்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

எல்லாருக்கும் உடனே மருந்து தேவைப்படாது. வைரஸின் டிஎன்ஏ அளவு, கல்லீரல் நொதி அளவு, கல்லீரலில் தழும்பு எவ்வளவு என்ற மூன்றையும் பார்த்துத்தான் மருத்துவர் முடிவெடுப்பார். மருந்து தேவைப்படாதவர்களும் சோதனையை நிறுத்தக் கூடாது. 2018 ஜூலையில் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் சோதனையும் டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகளும் இலவசம்.

மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவர் தானாக நிறுத்திவிட்டு மூலிகைக்கு மாறுவதுதான் மிக ஆபத்தானது. அடங்கியிருந்த வைரஸ் சில வாரங்களிலோ மாதங்களிலோ திடீரென்று பொங்கும். ஏற்கெனவே கல்லீரல் சுருங்கியிருந்தால் அது உயிருக்கே உலை வைக்கும். மாத்திரையோடு கீழாநெல்லியும் எடுக்க விரும்புகிறவர் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. மூலிகையால் கல்லீரல் கெடாது என்பது நிச்சயமில்லை. கொரோனா காலத்தில் எதிர்ப்புசக்திக்கு என்று சீந்தில் எடுத்தவர்களில் ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அந்த முடிவை மறுத்தது. மருத்துவரிடம் சொல்லாமல் எடுத்தால், நொதி அளவு ஏறும்போது காரணம் வைரஸா மூலிகையா என்று அவருக்குத் தெரியாமல் போகும்.

வீட்டில் ஒருவருக்கு இருப்பது தெரிந்தால் மற்றவர்கள் எல்லாரும் ரத்தச் சோதனை செய்து, தொற்று இல்லாதவர்கள் மூன்று தவணைத் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். 95 சதவீதத்துக்கு மேல் அது காக்கும். தாய்க்குத் தொற்று இருந்தால் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசியும், கூடவே இம்யூனோகுளோபுலின் என்ற தயார்நிலை எதிர்ப்புப் புரத ஊசியும் போட வேண்டும். அப்புறம் 6, 10, 14 வாரங்களில் மற்ற ஊசிகள். அந்த முதல் 24 மணி நேர ஊசியைப் பிரசவ வார்டிலேயே கேட்டு வாங்குங்கள், டிஸ்சார்ஜ் ஆகும் நாள்வரை தள்ளிப்போட விடாதீர்கள்.